சோதனைப் பொத்தான்

கூரையில் துளை போட்டாயிற்று.
வெள்ளைத் தூள்
சோற்றுப்பானை மூடிமேல், என் சீருடைமேல்,
ஏணியைப் பிடித்திருந்த குணசீலனின் புருவத்தில்.
"அக்கா, காதைப் பொத்திக்குங்க" என்று
மேலிருந்து சொன்னான் ஃபைரூஸ்.
பொத்தானை அமுக்கினான்.

புக்கிட் பாஞ்சாங் புளோக்கின்
பதினோராம் மாடி முழுக்கக் கிழிந்தது.
எதிர்வீட்டு நாய் குரைத்தது.
தாழ்வாரத்தில் யாரோ ஹொக்கியனில் வைதார்கள்.
குணசீலன் மட்டும்
எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்:
இன்னுமா அமுக்கவில்லை?

ஃபைரூஸுக்கு அப்போதுதான் உறைத்தது.
எனக்குக் கடையிலேயே உறைத்திருக்க வேண்டும்,
காசை எண்ணிக் கொடுக்கும்போதே.

பத்தொன்பது வருஷக் குடித்தனம்.
விரலால் பேசுவோம், கண்ணால் கேட்போம்.
சண்டையில் தோற்கப் போகிறார் என்றால்
அவர் கண்ணை மூடிக்கொள்வார்.
நான் தோற்கப் போகிறேன் என்றால்
விளக்கை அணைத்துவிடுவேன்.
அவருக்குக் கேட்காது என்பதே
எனக்கு மறந்துபோகும் அளவுக்கு
நாங்கள் பேசியிருக்கிறோம்.

வாரத்தில் மூன்று இரவு எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை.
அந்த மூன்று இரவுக்காகத்தான் வாங்கினேன்
இந்தக் கத்துகிற பெட்டியை.

"புகை வந்தால் எனக்குத் தெரியாதா?"
மூக்கைத் தட்டிக் காட்டினார்.
உண்மைதான்.
லிஃப்ட் கதவு திறக்கும்போதே
எந்த வீட்டில் சம்பால் வதங்குகிறது,
எந்த வீட்டில் சாம்பிராணி,
ஏழாம் மாதத்தில் கீழே தகரப் பீப்பாயில்
காகிதம் எரியத் தொடங்கிவிட்டதா, எல்லாம் சொல்வார்.
நான் அடிபிடித்த பாலை
மூன்று தடவை அவர்தான் இறக்கினார்.
'தூங்கும்போது மூக்கும் தூங்கும்' என்றேன்
கன்னத்தில் கைவைத்து.
அவர் நம்பவில்லை. குறட்டை விடுகிறவர் எப்படி நம்புவார்.

இரண்டாவது பெட்டி சின்னது.
சமையலறைக்குப் பின்னால் எரிவாயுவில் ஓடும்
வெந்நீர்க் கலனுக்காக.
அது எதற்கென்று சொல்லப் போனேன்,
சைகை கிடைக்கவில்லை.
தீ என்றால் பத்து விரலும் ஆடும்.
புகை என்றால் கை சுழன்று மேலே போகும்.
கார்பன் மோனாக்சைடுக்கு?
மூக்கைத் தொட்டேன், கையை விரித்தேன்: இல்லை.
கண்ணைத் தொட்டேன்: இல்லை.
அடுத்ததற்கு என் கை தயங்கியது.
அவரே தம் காதைத் தொட்டு
'இல்லை' என்று விரித்துச்
சிரித்தார், பல் தெரிய.

வெள்ளை வெளிச்சம் அடிக்கிற விளக்கு,
தலையணைக்கடியில் அதிர்கிற தட்டு.
அப்படியும் ஒன்று உண்டு என்றான் ஃபைரூஸ்.
வரவழைக்க மூன்று வாரம் ஆகுமாம்.

மூன்று வாரம் என்றால் ஒன்பது இரவு.
எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.
வைதது அவர்தான், திருவாட்டி இயோ.
என் அரைகுறை மாண்டரினும்
அவருடைய அரைகுறை ஆங்கிலமும்
கிரில் கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்.
கடைசியில் நானும் கையால்தான் சொன்னேன்:
தீ. தூக்கம். காது.
சாவியை வாங்கி
நாயின் கழுத்துப்பட்டை தொங்கும் ஆணியில் மாட்டினார்.
நாயைக் காட்டித் தன் காதைக் காட்டினார்:
எனக்குக் கேட்காவிட்டாலும் இதுக்குக் கேக்கும்.

தட்டு வந்தது ஒரு வியாழக்கிழமை.
குணசீலனைப் படுக்கச் சொன்னேன்.
கண்ணை இறுக மூடி, நடிகர் மாதிரி படுத்தார்.
கூடத்துக்குப் போய், விளக்குமாற்றுக் காம்பால்
கூரையில் அமுக்கினேன்.
அறைக்குள் மின்னல் வெட்டி வெட்டி நின்றது.
தலையணை மீன்போலத் துள்ளியது.
குணசீலன் எழுந்து உட்கார்ந்து
இரண்டு கையாலும்
காதைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்:
'என்ன சத்தம், என்ன சத்தம்!'

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை சோதனை.
நான் அமுக்குவதற்கு முன்பே
எதிர்வீட்டு நாய் குரைக்கிறது,
எப்படித்தான் தெரியுமோ.
சாவி இன்னும் அந்த ஆணியில்.
திருவாட்டி இயோ திருப்பித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.